தோற்றம் 1867, மறைவு 1922

தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியாக அச்சிட்டால் விவரம் இவ்வளவுதான். பெயர்: அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகம். இருப்பிடம்: டப்ளின், லிஃபி ஆற்றின் வடகரை, ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம். தோற்றம்: 1867. மறைவு: 30.6.1922, வெள்ளிக்கிழமை, நண்பகலை ஒட்டி. காரணம்: பங்காளிச் சண்டை.

சாகும்போது காப்பகத்துக்கு வயது 55. உள்ளே இருந்த தோல் ஏடுகளில் மூத்தவற்றுக்கு ஏறத்தாழ 700.

கட்டடத்துக்காக யாரும் துக்கம் கேட்கப் போவதில்லை. இடிந்ததைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். டப்ளின்காரர்கள் பத்தே ஆண்டுகளில் கட்டி, நீதிமன்றத்தை மறுபடி நடத்தவும் தொடங்கிவிட்டார்கள். ராஜாக்களின் சாசனங்களுக்காகவும் நான் இதை எழுதவில்லை. ராஜாக்களுக்கு நகல் எடுத்து வைக்க எப்போதும் ஆள் உண்டு. அவர்களில் பலர் பிழைத்துக்கொண்டார்கள். 1851இல் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கூலிக்காரன் எழுதிக்கொடுத்த, பஞ்சத்தில் செத்துப்போன பிள்ளைகளின் பெயர்களுக்காகவே இந்த இரங்கல். அந்தப் பெயர்கள் உலகத்தில் ஒரே ஒரு தாளில் இருந்தன. அந்தத் தாள் இந்த வீட்டில் இருந்தது.

பிறந்த கதையை முதலில் சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அயர்லாந்தின் அரசுக் காகிதங்கள் டப்ளின் கோட்டையின் பெர்மிங்காம் கோபுரத்தில் கொஞ்சம், வேறு அலுவலகங்களில் கொஞ்சம் என்று மூலைக்கொன்றாய்க் கிடந்தன. எது எங்கே இருக்கிறது என்று எவருக்கும் முழுதாகத் தெரியாது. 1867இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கச் சொன்னது. காப்பாளர் என்ற பட்டம் ஒரு மூத்த நீதிபதிக்கு. வேலை முழுவதும் துணைக் காப்பாளருக்கு. இந்த ஏற்பாடு நமக்கும் பழக்கமானதுதான். முதல் துணைக் காப்பாளர் சாமுவேல் ஃபெர்குசன் வழக்கறிஞர். அதைவிட, பழைய ஐரிஷ் வீரகதைகளை ஆங்கிலப் பாட்டாக்கிய கவிஞர் என்றே பெயர் பெற்றவர். கவிஞர்களுக்கு அலுவலக வேலை ஒத்துவராது என்று ஒரு பேச்சு உண்டு. மூட்டை மூட்டையாக வந்து இறங்கியவற்றைப் பிரித்து, அடுக்கி, பட்டியலிட்டு, ஆண்டறிக்கை அச்சிட்டு, 1886இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார் ஃபெர்குசன்.

வீடு இரண்டு கட்டு. முன்கட்டில் வாசகர் அறையும் அலுவலகமும். பின்கட்டுதான் கருவூலம்: கண்ணாடிக் கூரை, ஆறு அடுக்கு, அடுக்குதோறும் கட்டுக்கட்டாகக் காகிதமும் தோலும். முன்கட்டில் விளக்கோ கணப்போ கவிழ்ந்து தீப்பிடித்தால் பின்கட்டுக்குத் தாவிவிடக் கூடாது என்று இரண்டையும் பிரித்தே கட்டியிருந்தார்கள். தீ மனிதக் கவனக்குறைவிலிருந்து வரும் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரியான நினைப்பு.

சேர்க்கும் வேலை மும்முரமாக நடந்தது. அரசு ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்டு சபையான அயர்லாந்துச் சபை 1871இல் அரசிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகு, அதன் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பொது ஆவணம் என்று சட்டம் அறிவித்தது. பத்திரமான இடம் இருப்பதாகக் காட்டுகிற பங்குகள் தம் ஏடுகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் டப்ளினுக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பங்குகள், ஏறத்தாழ 1000, அனுப்பின. சில போதகர்கள் அனுப்பும் முன் பொறுமையாக உட்கார்ந்து ஒரு நகல் எழுதி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அரசை நம்பவில்லையா, தங்கள் ஏட்டின் மேல் வைத்த பாசமா, தெரியாது. சிலர் இரும்புப் பெட்டி இருக்கிறது என்று சொல்லி ஏட்டைக் கொடுக்கவே இல்லை. அன்றைக்கு அவர்களைக் கட்டுப்பெட்டிகள் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம்.

1536 முதலான உயில்கள், கிராம்வெல் காலத்தில் நிலம் கைமாறிய கணக்குகள், நீதிமன்றச் சுருள்கள், திருமண உரிமப் பத்திரங்கள், இன்னும் என்னென்னவோ உள்ளே சேர்ந்தன. 1919இல் ஹெர்பர்ட் வுட் என்ற அதிகாரி உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போக உதவுவதற்காக அச்சிட்டது. மூன்றே ஆண்டுகளில் அது இறந்தவரின் உடைமைப் பட்டியலாகிவிட்டது. இன்றைக்கும் என்ன போயிற்று என்று அறிய அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

பாட்டனைத் தேடி வருகிறவருக்கு இவற்றில் மிக முக்கியமானவை நான்கு கணக்கெடுப்புகள்: 1821, 1831, 1841, 1851. இங்கிலாந்தில் முதல் சில கணக்கெடுப்புகளில் தலைகளை எண்ணினார்களே தவிர, பெயர்களைக் கேட்டு வாங்கி வைக்கவில்லை. அயர்லாந்தில் 1821இலேயே வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயர், வயது, உறவு, தொழில், உழும் நிலம் எத்தனை ஏக்கர், வீடு எத்தனை மாடி என்று எழுதினார்கள். ஒரே குடும்பத்தின் நான்கு தாள்களை வரிசையாக வைத்தால், 1821இல் கைக்குழந்தையாக இருந்தவன் 1841இல் தனிக்குடித்தனம் போயிருப்பதைப் பார்க்கலாம். அயர்லாந்தில் 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. ஊருக்கும் சிறிய நிலப்பிரிவு அது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைப்பது அங்கேயும் வழக்கம் என்பதால் ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எந்த மைக்கேல், எந்தப் பாட்ரிக் என்று பிரித்துக் காட்டுவது அந்தத் தாள்தான்.

1841க்கும் 1851க்கும் நடுவில் பஞ்சம் வந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அதை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகிவிட்டது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சாவைப் பதிவு செய்யும் அரசு ஏற்பாடு அப்போது அயர்லாந்தில் கிடையாது. எல்லா மதத்தாரின் பிறப்பு, இறப்புகளையும் பதிவது 1864இல்தான் தொடங்கியது.

ஆக, செத்தவர்களின் பெயர் எங்கே? 1851 படிவத்தில். அந்தப் படிவம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டது: 1841 கணக்கெடுப்புக்குப் பிறகு இந்த வீட்டில் யார் யார் இறந்தார்கள், எந்த ஆண்டு, எதனால்? இன்னொரு பகுதியில், இந்த வீட்டைச் சேர்ந்தவர்களில் இப்போது வீட்டில் இல்லாதவர் யார், எங்கே போயிருக்கிறார்? ஒரு நாடே பஞ்சத்திலிருந்து எழுந்து, செத்தவர்களையும் போனவர்களையும் வீடு வீடாக உட்கார்ந்து எழுதிய தாள்கள் அவை. குடும்பமே பூண்டோடு அழிந்த வீடுகளில் எழுத ஆளில்லை. அவர்கள் அப்போதே தொலைந்தார்கள். ஒருவராவது மிஞ்சிய வீடுகளில் செத்தவர்கள் தாளில் ஏறினார்கள்.

அந்தச் சாவுக் கணக்கைத் தொகுத்தவர் டப்ளினில் கண், காது மருத்துவராக இருந்த வில்லியம் வைல்டு. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா. பஞ்சத்தில் வந்த காய்ச்சல், பேதி, பட்டினி ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் போனார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக அட்டவணை போட்டு, 1856இல் தடித்த தொகுதியாக அச்சிட்டார்கள். அந்த அச்சுத் தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. எண்ணிக்கை பிழைத்தது. எண்ணப்பட்டவர்களின் பெயர்தான் 1922இல் போயிற்று.

இனி சாவு. 1921 கடைசியில் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்பதா கூடாதா என்று விடுதலைப் போராளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒப்பந்தத்தை எதிர்த்த அணி 1922 ஏப்ரல் 14 அன்று, பெரிய வெள்ளியன்று, ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. ரோரி ஓ'கானர், லியம் மெல்லோஸ், எர்னி ஓ'மாலி போன்றவர்கள் உள்ளே. சன்னல்களுக்குத் தடுப்பாகப் பருத்த சட்டப் புத்தகங்களை அடுக்கினார்கள். வலுவான சுவர், யாரும் வராத இடம் என்று பார்த்து, ஆவணக் கருவூலத்தையே வெடிமருந்துக் கிடங்காக்கிக்கொண்டார்கள்.

இரண்டரை மாதம் அப்படியே போயிற்று. ஜூன் 28 விடியற்காலையில், ஒப்பந்தத்தை ஏற்ற அணியின், மைக்கேல் காலின்ஸ் தலைமையிலான தற்காலிக அரசு, பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய 18 பவுண்டர் பீரங்கிகளை ஆற்றின் மறுகரையில் நிறுத்திச் சுடத் தொடங்கியது. முந்தின ஆண்டுவரை இரண்டு அணியினரும் தோளோடு தோள் நின்று அதே பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள். 30ஆம் தேதி வளாகத்தில் தீ பரவி, நண்பகல் தாண்டியதும் கருவூலம் பெரும் ஓசையோடு வெடித்தது. அன்று பிற்பகல் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

எரிந்த காகிதம் டப்ளினின் மேல் மழையாக இறங்கியது. நகரத்துக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் ஹோத் வரைக்கும் கருகிய துண்டுகள் பறந்து போயின. தெருவில் பொறுக்கியவர்கள் அவற்றைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். யாரோ ஒருவரின் உயிலில் இரண்டு வரி, யாரோ ஒருவரின் நிலத்தகராறில் ஒரு வாக்கியம்.

கண்ணி வைத்து வேண்டுமென்றே தகர்த்தார்களா, பீரங்கிக் குண்டோ தீயோ பட்டு வெடிமருந்து தானாக வெடித்ததா என்று நூறாண்டுகளாக வாதாடுகிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் வசதியான விடை ஒன்று கைவசம் இருக்கிறது. எனக்கு இந்த வழக்கில் இழுபறியாக ஒன்றும் தெரியவில்லை. ஆவணங்களுக்கு நடுவில் வெடிமருந்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள் ஒரு தரப்பு. உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தும் பீரங்கியைத் திருப்பியவர்கள் மறுதரப்பு. யாருடைய பெயரைச் சொல்லிச் சண்டை போட்டார்களோ, அந்த மக்களின் பெயர்கள் இருந்த இடம் அது. அந்தத் தாள்களை வெளியே எடுக்க ஒரு நாள் போர்நிறுத்தம் கேட்கலாம் என்று இரு தரப்புத் தலைவர்களில் எவருக்கும் முதன்மையாகத் தோன்றவில்லை. குற்றம் இரண்டு பக்கமும்தான்.

தீத்தடுப்பு ஏற்பாடு மட்டும் சொன்ன வேலையைச் செய்தது, தலைகீழாக. பின்கட்டில் பிடித்த தீ முன்கட்டுக்கு முழுதாகத் தாவவில்லை. வாசகர் அறைப் பக்கம் எடுத்து வைத்திருந்த சொற்ப ஆவணங்கள் பிழைத்தன.

இந்த இடத்தில் இறந்தவர்மேல் ஏற்றப்படும் ஒரு வீண் பழியையும் துடைத்துவிட வேண்டும். அயர்லாந்தின் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பு எல்லாம் 1922 தீயில் போயிற்று என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. 1861, 1871 படிவங்களை, கூட்டல் கணக்கு முடிந்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. இங்கிலாந்தில் வீட்டுப் படிவங்களை ஏட்டில் நகலெடுத்த பிறகே கழித்தார்கள். அயர்லாந்தில் அப்படி நகலேடு இல்லை, இருந்த ஒரே பிரதி கூழாயிற்று. நான்கு கணக்கெடுப்புகளை எரிக்கப் பீரங்கியும் வெடிமருந்தும் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன. மற்ற நான்குக்கு ஓர் அதிகாரியின் கையெழுத்து போதுமானதாக இருந்தது. அந்தக் கையெழுத்துக்கு யாரும் நினைவுநாள் அனுசரிப்பதில்லை.

பிழைத்திருக்கும் உறவினர்களைச் சொல்லாமல் இரங்கல் முடியாது.

மூத்த வாரிசு ஒரு கட்டு ஓய்வூதிய விண்ணப்பங்கள். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது ஆன ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. 1909 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். வயதுக்கு அத்தாட்சி வேண்டும். 1864க்கு முன் பிறப்புப் பதிவு இல்லாத நாட்டில் 70 வயதுக்காரர் எதைக் காட்டுவார்? 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தைப் புரட்டிப் போட்ட பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதைக் கணித்த கதைகள் ஏராளம். தாது வருஷப் பஞ்சத்தை வைத்து நம் கிழவர்கள் வயது சொன்ன மாதிரிதான். ஓய்வூதியம் வந்ததும் புயலை நேரில் பார்த்தவர்களின் தொகை திடீரென்று பெருகிவிட்டது என்று கிண்டலும் உண்டு.

புயலை நம்பாத அதிகாரிகள் டப்ளினுக்கு எழுதினார்கள். விண்ணப்பக்காரர் தன் அப்பா பெயர், அம்மா பெயர், 1841இலோ 1851இலோ எந்த டவுன்லேண்டில், எந்தப் பங்கில், எந்த மாவட்டத்தில் குடியிருந்தார்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். காப்பகத்தின் எழுத்தர் கருவூலத்துக்குள் போய், அந்த ஊர்க் கட்டைப் பிரித்து, குழந்தையாக அந்தக் கிழவனோ கிழவியோ இருக்கிறார்களா என்று பார்த்து, கண்டதை விண்ணப்பத்திலேயே குறித்து அனுப்புவார். சிலர் கேட்ட பெயரையும் வயதையும் மட்டும் குறித்தார்கள். சிலருக்கு நேரம் இருந்ததோ, மனம் இருந்ததோ, வீட்டில் இருந்த எல்லாரையும் குறித்தார்கள். ‘கிடைக்கவில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்ததும் உண்டு. கட்டுகள் எரிந்தன, இந்த விண்ணப்பத் தாள்கள் தப்பின. ஆகவே 1851இல் அந்த வீட்டில் இருந்த ஒரு குழந்தை 70 வயதுவரை உயிரோடு இருந்து, 5 ஷில்லிங்குக்காக விண்ணப்பம் போடும் அளவுக்கு ஏழையாகவும் இருந்திருந்தால், அந்தக் குடும்பத்தின் 1851ஆம் ஆண்டு இன்றும் கையில் கிடைக்கும். வசதியாக இருந்தவர்களின் வீட்டுத் தாள் சாம்பலோடு போயிற்று. ஆவண வரலாற்றில் ஏழ்மை ஆதாயமாக முடிந்த இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

உயில்களுக்கு ஒரு வாரிசு உண்டு. சர் வில்லியம் பெத்தம் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அயர்லாந்தின் குலமரபு அதிகாரி. 1800வரைக்குமான, ஆர்மா தலைமைச் சபை நீதிமன்றத்தின் உயில்களை ஒவ்வொன்றாகப் படித்து, யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கு யார் மருமகன் என்று சுருக்கம் எழுதி, கொடிவழியும் வரைந்து வைத்திருந்தார். வேலை நிமித்தமாகவும் ஆசைக்காகவும் செய்தது. சொத்து எழுதிவைக்கும் அளவுக்குச் சொத்து இருந்தவர்களுக்கு மட்டுமே அது உதவும் என்பது வேறு விஷயம்.

பொதுமக்களைக் காப்பாற்றியது பங்குச் சாமியார்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளைச் சட்டம் பொது ஆவணமாகக் கருதவில்லை. அரசின் கண்ணில் அவற்றுக்கு மதிப்பு இல்லாததால் டப்ளினுக்கு யாரும் கேட்கவில்லை. ஞானஸ்நான ஏடுகள் பங்கு வீட்டு அலமாரியில் மெழுகுவர்த்தியோடும் கணக்குப் புத்தகத்தோடும் கிடந்தன. நாட்டில் முக்கால்வாசிக்கு மேல் கத்தோலிக்கர்கள். 1950களிலிருந்து தேசிய நூலகம் அந்த ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தது. 2015இல் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்தது. மேற்குக் கரையின் ஏழைப் பங்குகளில் ஏடு தொடங்குவதே பஞ்சத்தை ஒட்டித்தான் என்பதால் அங்கே தேடுகிறவர்களுக்கு அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட புராட்டஸ்டண்டு ஏடுகளிலோ நான்கு பங்குகளின் ஏடுகள் மட்டுமே தப்பின. ஆட்சியோடு ஒட்டி இருந்த சபை தன் ஏடுகளை இழந்தது. ஒதுக்கப்பட்ட சபை வைத்துக்கொண்டது.

இவை தவிர இரண்டு வரிப் பட்டியல்கள் இருக்கின்றன. 1823 முதல் 1838 வரை எழுதப்பட்ட தசமபாக ஏடுகள், 1847க்கும் 1864க்கும் இடையில் ரிச்சர்டு கிரிஃபித் நடத்திய நில மதிப்பீடு. நிலத்தை யார் வைத்திருந்தார், யாரிடம் குத்தகைக்கு எடுத்தார், எவ்வளவு மதிப்பு என்று சொல்லும். குடும்பத் தலைவர் பெயரோடு நின்றுவிடும். பெண்டாட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை, ஒண்டுக்குடி இருந்தவன் இல்லை. கணக்கெடுப்பு போனதால் இவற்றை வைத்துத்தான் அயர்லாந்தில் வம்சம் தேடுகிறார்கள். வேறு நாட்டில் யாரும் வம்சம் தேட வரிப் பட்டியலில் தொடங்கமாட்டார்கள். கணக்கெடுப்பிலும் துண்டு துணுக்குகள் தப்பின: 1821இன் கேவன், கால்வே போன்ற சில மாவட்டங்களின் சில பகுதிகள், 1831இல் டெர்ரியின் சில பங்குகள், 1841இல் கேவன் மாவட்டத்தின் கில்லஷாண்ட்ரா என்ற ஒரே ஒரு பங்கு, 1851இல் ஆண்ட்ரிமின் சில பங்குகள். கில்லஷாண்ட்ராவில் மூதாதை பிறந்தவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள்.

நம் ஊருக்கும் இந்தச் சாவில் தீட்டு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஐரிஷ் ஏழைகள் பெரும் பங்கு. மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட் என்று தொடங்கிய படை பின்னால் ராயல் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாளமாயிற்று. அயர்லாந்துக்கு விடுதலை உறுதியானதும், காப்பகம் எரிந்த அதே 1922 கோடையில், அந்தப் படையும் கலைக்கப்பட்டது. அந்தச் சிப்பாய்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. பரங்கிமலையிலும் பெரம்பூரிலும் மர்ஃபி, கெல்லி, ஓ'பிரையன் என்ற பெயர்கள் வந்தது அப்படித்தான்.

சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று தன் ஐரிஷ் மூதாதையைத் தேடக் கிளம்பினால் தேடல் ஒரு வேடிக்கையான வழியில் போகும். கம்பெனி ஆளெடுக்கும்போது ஒவ்வொருவனின் பிறந்த ஊர், வயது, பழைய தொழில், உயரம் எல்லாம் எழுதிக்கொண்டது. ஏடு லண்டனில் இருக்கிறது. மதராஸ் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் லண்டனுக்கு நகல் போயிற்று. 1698 முதல் அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் எந்தத் தேதியில் யாரைக் கட்டினான், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்த வயதில் புதைத்தார்கள் என்பதுவரை கிடைத்துவிடும். பிறகு அவன் சொன்ன ஐரிஷ் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு டப்ளினுக்குப் போனால், அவன் புராட்டஸ்டண்டாக இருந்தால், பெரும்பாலும் அத்தோடு சரி. அவன் பெற்றோர் யார், உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று சொல்லும் தாள் இல்லை. மதராஸுக்கு வந்து பேதியில் செத்த தம்பிக்கு எழுத்து இருக்கிறது. ஊரைவிட்டு அசையாமல் உழுது பிழைத்த அண்ணனுக்கு இல்லை.

காரணம் எளிது. கம்பெனிக்கு எல்லாம் இரண்டு பிரதி வேண்டியிருந்தது: ஒன்று மதராஸில், ஒன்று லண்டனில். டப்ளின் காப்பகம் ஒரே பிரதியை ஒரே இடத்தில் சேர்ப்பதைப் பாதுகாப்பு என்று நம்பியது. அந்த நம்பிக்கைதான் அதைக் கொன்றது. ஜூன் 30 அதற்குத் தேதி மட்டும் குறித்தது.

சாவுக்குப் பிறகான காரியங்களும் நடக்காமல் இல்லை. ஊழியர்கள் இடிபாட்டைக் கிளறி, வெப்பத்தில் சுருங்கிய தோல்களையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிய கட்டுகளையும் எடுத்து 378 பொட்டலங்களாகக் கட்டி வைத்தார்கள். பிரிக்கத் தொட்டாலே நொறுங்கும் என்பதால் பல பொட்டலங்கள் பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. நாடு பிரிந்தபின் எல்லைக்கு வடக்கே, 1923இல், பெல்ஃபாஸ்டில் ஒரு புதிய காப்பகம் ஒன்றுமில்லாத அலமாரிகளோடு தொடங்கியது. அதன் தலைவராக வந்த டி. ஏ. சார்ட் முன்பு டப்ளினில் வேலை பார்த்தவர். வழக்கறிஞர் அலுவலகங்களிலும் வம்சாவளி ஆராய்ச்சியாளர்களின் மேசைகளிலும் பழைய நகல்கள் இருக்கின்றனவா என்று தேடி வாங்கினார். தெற்கே 1928இல் ஐரிஷ் சுவடி ஆணையம் அமைந்தது.

2022 ஜூன் 27 அன்று, நூற்றாண்டு நிறைவதற்கு மூன்று நாள் முன், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் வரலாற்றாசிரியர் பீட்டர் க்ரூக்ஸ் தலைமையில் மெய்நிகர் ஆவணக் கருவூலம் இணையத்தில் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரைந்திருக்கிறார்கள். வுட்டின் 1919 பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அலமாரியில் எது இருந்ததோ அதற்கு ஈடாக லண்டனிலும் பெல்ஃபாஸ்டிலும் மற்ற நாட்டு நூலகங்களிலும் கிடைத்த நகல்களை அந்தந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். பொட்டலங்களையும் பிரித்து, சுருங்கிய தோல்களை நீவிப் படித்து வருகிறார்கள். தேட யாருக்கும் கட்டணம் இல்லை. பெரிய உழைப்பு, கைதட்ட வேண்டியதுதான். ஆனால் திரும்பி வந்ததில் நீதிமன்றமும் அரசும் நிலப்பிரபுக்களுமே அதிகம். நகல் இருந்தவர்களுக்குத்தான் மறுபிறவி. 1851 படிவத்தில் ஏறிய, செத்த பிள்ளைகளின் பெயரை யாரும் அன்றைக்கு நகலெடுக்கவில்லை, ஓய்வூதிய எழுத்தர்கள் போகிற போக்கில் குறித்தவை போக.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1922க்கு முன், டப்ளின் காப்பகம் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று நகல்கள் கொடுத்துவந்தது; வாரிசுரிமை, வேலை, வயதுச் சான்று என்று கேட்டவர்கள் வாங்கினார்கள். கடல் கடந்திருந்தவர்களும் வாங்கியிருக்கக்கூடும். பெரம்பூரிலோ ராயபுரத்திலோ பரங்கிமலையிலோ, கோலாரிலோ, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தின் முத்திரையோடு ஞானஸ்நானமோ உயிலோ கணக்கெடுப்புத் தாளோ கிடந்தால், அதன் மூலம் இப்போது இல்லை. உங்களிடம் இருப்பதுதான் மூலம். படமெடுத்து டிரினிட்டி கல்லூரிக்கு எழுதுங்கள். அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.